மண்ணைப் படிக்கலாமா? குழி வெட்டிப் பார்த்த பேராசிரியரின் கதை

போன ஆண்டு ஆடிப் பட்ட மணிலாவைப் பார்க்கத் தேசூர் பக்கம் போயிருந்தேன். வீட்டுக்குள் பட்டுத்தறி, ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் கொல்லை என்று இரண்டையும் வைத்துப் பிழைக்கும் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போய் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் நான்கு ஆண்டு வேளாண்மைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டார். மேற்படிப்புக்கு மண்ணியல் துறையில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. உறவினர்கள் தோட்டக்கலையோ விதைத் துறையோ எடுத்தால் நல்லது, மண்ணைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்கிறார்கள். மகளோ மண்ணியல்தான் வேண்டும் என்கிறார். மண்ணைப் படித்தால் என்ன வேலை சார் கிடைக்கும் என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரிந்த வேலைகளை அங்கேயே சொன்னேன். இந்தக் கட்டுரையின் பின்பகுதியிலும் அவற்றைச் சொல்கிறேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் வேறொருவரின் நினைவாகவே இருந்தது. மண்ணியல் என்ற பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமோ, உலகத்தில் ஒரு வேலையோ இல்லாத காலத்தில் அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர் அவர். வேளாண்மை படித்த ஒவ்வொருவரும் முதலாண்டுப் புத்தகத்தில் மண்ணியலின் தந்தை என்று ஒரு வரியில் படித்துக் கடந்துபோன வாசிலி டோக்குசாயெவ்தான் அவர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் தேசூர்க்காரரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பாதிரியார் ஆகவேண்டியவர்

ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் மாநிலத்தில் மிலியூக்கவோ என்ற சிறிய கிராமத்தில் 1846-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி டோக்குசாயெவ் பிறந்தார். தந்தை கிராமத்துப் பாதிரியார். அந்தக் காலத்து வழக்கப்படி பாதிரியார் மகன் பாதிரியாராகத்தான் ஆகவேண்டும். வியாஸ்மா நகரில் சமயப் பள்ளியிலும், பிறகு ஸ்மோலென்ஸ்கில் குருமடத்திலும் படித்தார். நன்றாகப் படித்ததால் 1867-ல் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த உயர் சமயக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே சில வாரங்கள்தான் இருந்தார். அதை விட்டுவிட்டு அதே நகரின் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படிக்கச் சேர்ந்துகொண்டார். உறுதியான பதவியும் வீடும் தரக்கூடிய படிப்பை விட்டு, வேலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லாத படிப்புக்குப் போனார். 1871-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் பாறை, கனிமச் சேகரிப்புகளைப் பாதுகாக்கும் சிறு வேலை ஒன்று கிடைத்தது. அவர் படித்தது நிலவியல். ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எப்படி உருவாகின்றன என்பதுதான் 1878-ல் அவர் அளித்த முதுநிலை ஆய்வு. அதுவரை அவர் பேரில் மண் என்ற சொல் ஒட்டிக்கொள்ளவில்லை.

வறட்சி எழுப்பிய கேள்வி

ரஷ்யாவின் தெற்கே கறுத்த நிறமுள்ள, மிக வளமான ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. அந்த ஊர் உழவர்கள் அதைச் செர்னோசெம் என்பார்கள். கறுப்பு மண் என்றே அதற்குப் பொருள். நாட்டின் தானியக் களஞ்சியம் அது. எரு போடாமலே பல தலைமுறை கோதுமை விளைந்த மண். அப்படிப்பட்ட நிலத்தில் 1873-லும் 1875-லும் வறட்சி வந்து விளைச்சல் விழுந்தது. இத்தனை வளமான மண் ஏன் கைவிட்டது என்ற கேள்வி எழுந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் கறுப்பு மண்ணை ஆராய ஒரு குழு அமைத்தது. களத்துக்குப் போகும் பொறுப்பு டோக்குசாயெவுக்கு வந்தது.

1877 கோடையில் அவர் புறப்பட்டார். அதே ஆண்டில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே காலி செய்துகொண்டிருந்தது. அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் அதில் சிக்கியது. அங்கும் இங்கும் மழை பொய்த்ததுதான் தொடக்கம். மழையை யாரும் வரவழைக்க முடியாது. வந்த மழையை மண் எவ்வளவு பிடித்து வைக்கிறது, எவ்வளவு நாள் வைக்கிறது என்பதை ஆராயலாம். அதைத்தான் டோக்குசாயெவ் செய்தார்.

குழிக்குள் தெரிந்தது

1877, 1878, 1881 ஆகிய ஆண்டுகளில் குதிரை வண்டியிலும் நடந்தும் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் அவர் சுற்றினார். போன இடமெல்லாம் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, குழியின் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிறம், தடிமன், வேர் போன ஆழம், சுண்ணாம்பு தோன்றும் இடம், எறும்பும் புழுவும் போட்ட துளைகள் என எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அதுவரை மண்ணைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். வேதியியலாளர்களுக்கு மண் ஒரு குதிர். ஜெர்மனியின் லீபிக் 1840-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு, பயிர் எடுத்த சத்தைத் திரும்பப் போட்டால் போதும் என்ற கணக்கு எங்கும் பரவியிருந்தது. நிலவியலாளர்களுக்கு மண் என்பது பாறை உடைந்த தூள். கறுப்பு மண் பழைய கடலின் சேறு என்று சிலரும், சதுப்பு நிலம் காய்ந்தது என்று சிலரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

டோக்குசாயெவ் கண்டது வேறு. ஒரே பாறை மீது ஓரிடத்தில் கறுப்பு மண்ணும் மற்றோரிடத்தில் வெளுத்த மண்ணும் இருந்தன. வெவ்வேறு பாறை மீது ஒரே மாதிரிக் கறுப்பு மண்ணும் இருந்தது. ஆகவே மண்ணைத் தீர்மானிப்பது பாறை மட்டுமாக இருக்க முடியாது. அடியில் உள்ள பாறை, அங்குள்ள வெயிலும் மழையும், வளரும் செடிகொடிகளும் வாழும் உயிர்களும், நிலத்தின் மேடுபள்ளம், கடந்துபோன காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து மண்ணை உருவாக்குகின்றன என்றார். கறுப்பு மண் கடலிலிருந்து வந்ததல்ல. புல்வெளியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல் முளைத்து, வேர் மடிந்து, மக்கி, ஒரு மீட்டர் ஆழம் வரை படிந்தது என்று காட்டினார். சில இடங்களில் நூறு பங்கு மண்ணில் பத்துப் பங்குக்கு மேல் மக்கு இருந்ததை அளந்து, எந்த ஊரில் எவ்வளவு என்று வரைபடமும் போட்டார்.

குழிச் சுவரில் தெரிந்த அடுக்குகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்தார். மேலே மக்குச் சேர்ந்த அடுக்கு ஏ. நடுவில் மேலிருந்து இறங்கியதைச் சேர்த்து வைக்கும் அடுக்கு பி. அடியில் மண்ணாக மாறாத தாய்ப் பொருள் சி. இன்று உலகம் முழுவதும் மண் ஆய்வாளர்கள் இந்த எழுத்துகளைத்தான் எழுதுகிறார்கள்.

பெயர்களை மட்டும் அவர் புதிதாகப் படைக்கவில்லை. செர்னோசெம், பொட்சால், சொலொனெத்ஸ் என்று உழவர்கள் வாயில் இருந்த சொற்களையே எடுத்துக்கொண்டார். கறுப்பு மண், சாம்பல் போல் வெளுத்த மண், உப்புப் பூத்த மண் என்று அவர்கள் பிரித்து வைத்ததில் பெரிய அறிவு இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் செம்மண், கரிசல், வண்டல், களர், உவர், சரளை என்று பிரித்து வைத்திருப்பதும் அப்படித்தான்.

1883-ல் இந்த ஆய்வு ரஷ்யக் கறுப்பு மண் என்ற புத்தகமாக வெளிவந்தது. அதையே முனைவர் பட்டத்துக்கும் அளித்தார். அதை மதிப்பிட்டவர்களில் ஒருவர், தனிமங்களின் அட்டவணையைத் தந்த மெண்டலீவ். அவரே வேளாண்மையில் ஆர்வமுள்ளவர். மண்ணியல் என்ற அறிவியல் தனியாகப் பிறந்தது அந்தப் புத்தகத்தில்தான் என்று உலகம் ஒப்புக்கொள்கிறது.

குழி வெட்டாததால் நான் செய்த தவறு

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி மண் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினார். செம்மண் கொல்லை, மானாவாரி மணிலா. இரண்டு ஆண்டாகக் காய் பிடிப்பு இல்லை. சாம்பல் சத்தும் துத்தநாகமும் குறைவு என்று தாளில் இருந்தது. நான் நிலத்துக்குப் போகவில்லை. தாளைப் பார்த்தே உரக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் கடன் வாங்கி உரம் போட்டார். அந்த ஆண்டும் செடி பூக்கும் நேரத்தில் வாடியது.

பிறகுதான் போனேன். மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் ஓரடிக்குக் கீழே கடப்பாரை இறங்காத கெட்டி அடுக்கு. வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிப் படர்ந்திருந்தது. மழை நீரும் அதற்குக் கீழே போகவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறிவிட்டு, ஏக்கருக்கு ஐந்து டன் தொழு எரு போட்டிருந்தால் போதும். நான் எழுதிக் கொடுத்த உரத்தில் தவறில்லை. ஆனால் அந்த உரம் போய்ச் சேரவேண்டிய வேருக்கு வழியில்லை என்பதை ஆய்வகத்துக்குப் போன அரைக் கிலோ மண் எனக்குச் சொல்லாது. அவருடைய ஒரு பட்டத்து உழைப்பும் கடனும் போயின. மண் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கட்டாயம் வேண்டும். அதோடு குழியும் வேண்டும்.

தரமும் தீர்வையும்

டோக்குசாயெவின் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நிஷ்னி நோவ்கோரத் மாநிலத்தின் உள்ளாட்சி மன்றம் நிலவரியை நியாயமாக விதிக்க விரும்பியது. நல்ல நிலத்துக்கும் கெட்ட நிலத்துக்கும் ஒரே வரி போட்டால் ஏழை உழவர் நசுங்குவார். ஆகவே மண்ணைத் தரம் பிரித்துக் கொடுக்கும்படி கேட்டார்கள். 1882 முதல் 1886 வரை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆராய்ந்தார். முடிவு 14 தொகுதிகளாக வெளிவந்தது. அங்கே ஓர் இயற்கை அருங்காட்சியகமும் உருவானது. 1888-ல் பொல்தாவா மாநிலத்தில் அதே போன்ற வேலையைத் தொடங்கினார்.

நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே மண் வயனமும் ரகமும் என்றும், தரம் என்றும், தீர்வை என்றும் கட்டங்கள் இருக்கும். ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டம் வரி போடுவதற்காக மண்ணைத் தரம் பிரித்த தடம் அது. அங்கே டோக்குசாயெவ் செய்ததில் ஒரு வேறுபாடு இருந்தது. முதலில் மண் எப்படி உருவானது என்று பார்த்தார், பிறகு அதில் என்ன விளையும் என்று பார்த்தார், வரியைக் கடைசியில்தான் தொட்டார்.

இந்தப் பயணங்களில்தான் அவருடைய மாணவர்கள் உருவானார்கள். வகுப்பறையில் அவர் கனிமவியல் பேராசிரியர். சம்பளம் அதற்குத்தான். மண் பேராசிரியர் என்ற பதவியே அன்று கிடையாது. ஆகவே மண்ணைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பறை அவருக்குக் குழியாகத்தான் இருந்தது. பின்னாளில் உயிர்மண்டலம் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற வெர்னாட்ஸ்கி, முதல் மண்ணியல் பாடநூல்களில் ஒன்றை எழுதிய சிபிர்ட்செவ், ரஷ்ய மண் வகைகளை உலகத்துக்கு அறிமுகம் செய்த கிளிங்கா ஆகியோர் அவரிடம் கற்றவர்கள்.

1891 பஞ்சமும் மர வேலியும்

1891-ல் ரஷ்யாவின் கறுப்பு மண் பகுதியில் மறுபடியும் கடும் வறட்சியும் பஞ்சமும் வந்தன. டோக்குசாயெவ் உடனே எழுத உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே நம் புல்வெளிகள் அன்றும் இன்றும் என்ற சிறு புத்தகம் வெளிவந்தது. விற்ற பணம் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு என்று அறிவித்தார்.

மழை குறைந்தது மட்டும் காரணமல்ல என்று அதில் வாதிட்டார். புல்லை எல்லாம் உழுதுவிட்டோம், காட்டை வெட்டிவிட்டோம், ஓடைகள் அரித்துப் பள்ளமாகிவிட்டன, பனியும் மழையும் நிலத்தில் நிற்காமல் ஓடிவிடுகின்றன, காய்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, மண்ணின் பொலபொலப்புப் போய்விட்டது என்று வரிசையாகக் காட்டினார். ஓடையை அடைக்க வேண்டும், குளங்கள் வெட்ட வேண்டும், காற்றைத் தடுக்க வயல்களுக்கு இடையே மர வரிசை வைக்க வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு உழவு, எவ்வளவு புல், எவ்வளவு காடு என்று கணக்கு வைக்க வேண்டும் என்றார்.

வனத்துறையின் உதவியோடு 1892-ல் ஒரு சிறப்புக் குழு அமைத்து, புல்வெளியில் மூன்று இடங்களில் இதைச் செய்து காட்டத் தொடங்கினார். அவற்றில் ஒன்று வரோனெஷ் மாநிலத்தில் உள்ள கமென்னயா ஸ்தெப்பி. அவர் காலத்தில் தொடங்கிய மர வரிசைகளும் குளங்களும் அங்கே இன்றும் இருக்கின்றன. அவர் பெயரில் வேளாண் ஆய்வு நிறுவனமும் அங்கே இயங்குகிறது. ஏரி, வரப்பு, கரையில் பனை என்று வாழ்ந்த நமக்கு இந்த யோசனைகள் அந்நியமானவை அல்ல. நம் ஏரியில் படிந்த வண்டலை அள்ளிக் கொல்லையில் போடும் பழக்கமும் அரித்துப் போன மேல்மண்ணைத் திரும்பக் கொண்டுவரும் வேலைதான்.

ஒரு துறைக்காக நடந்த போராட்டம்

அதே 1892-ல் அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த, இப்போது போலந்தில் புவாவி என்று அழைக்கப்படும் ஊரின் வேளாண்மை, வனவியல் கல்லூரிக்கு டோக்குசாயெவ் தலைமைப் பொறுப்பேற்றார். மூட இருந்த கல்லூரியைச் சீர்திருத்தினார். 1894-ல் அங்கே மண்ணியலுக்கு என்று தனித் துறை தொடங்கப்பட்டது. ரஷ்யாவில் முதல் மண்ணியல் துறை அது. அதன் பொறுப்பை மாணவர் சிபிர்ட்செவிடம் கொடுத்தார். பல்கலைக்கழகங்களிலும் மண்ணியலுக்குத் தனிப் பேராசிரியர் பதவி வேண்டும் என்று 1895-ல் எழுதினார். தான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் அது நிறைவேறியதை அவர் பார்க்கவில்லை.

உழைப்பு உடம்பையும் மனத்தையும் தின்றது. 1895-ல் கடுமையான நரம்புத் தளர்ச்சி வந்து படுத்தார். 1897-ல் மனைவி அன்னா புற்றுநோயால் இறந்தார். அவருடைய பயணங்களுக்கும் எழுத்துக்கும் துணையாக இருந்தவர் அவர். அந்த ஆண்டே பல்கலைக்கழகப் பதவியிலிருந்தும் டோக்குசாயெவ் விலகினார். கொஞ்சம் தேறியதும் காக்கசஸ் மலைப்பகுதிக்குப் போய், சமவெளியில் வடக்கிலிருந்து தெற்கே மண் மாறுவது போலவே மலையில் கீழிருந்து மேலே மாறுவதையும் கண்டு எழுதினார். 1899-ல் மண்ணியலுக்கென்றே ஓர் ஆய்விதழ் ரஷ்யாவில் தொடங்கியது. 1900-ல் சிபிர்ட்செவ் இளம் வயதிலேயே காசநோயால் இறந்தார். அதன் பிறகு டோக்குசாயெவ் எழவில்லை. 1903 நவம்பர் 8-ந் தேதி, 57 வயதில் காலமானார்.

அவருடைய புத்தகம் ரஷ்ய மொழியில் இருந்ததால் வெளியே பரவ நாளாயிற்று. கிளிங்கா 1914-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை அமெரிக்க மண் ஆய்வுத் தலைவர் மார்பட் 1927-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவின் மண் வகைப்பாடே மாறியது.

நம் நாட்டில்

பஞ்சங்களுக்குப் பிறகுதான் இந்தியாவிலும் மண்ணைப் பார்த்தார்கள். 1889-ல் இங்கிலாந்திலிருந்து வந்து நாடெங்கும் சுற்றிய வோல்கர் 1893-ல் தன் அறிக்கையை வெளியிட்டார். டோக்குசாயெவ் புல்வெளியில் மரம் நடத் தொடங்கிய அதே 1892-ல் லெதர் என்ற வேதியியலாளர் இந்திய அரசின் வேளாண் வேதியியலாளராக வந்தார். வண்டல், கரிசல், செம்மண், செம்புறை மண் என்று இந்திய மண்ணை நான்காகப் பிரித்த பழைய பாகுபாடு இவர்கள் காலத்தது. 1934-ல் இந்திய மண்ணியல் சங்கம் தொடங்கியது.

சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரி 1906-ல் கோவைக்கு மாறியது. அங்கே 1909-ல் ஒரே வயலில் ஆண்டுதோறும் ஒரே உரத்தைப் போட்டு மண்ணைப் பார்க்கும் நிரந்தர உரச் சோதனை தொடங்கினார்கள். நூறாண்டு கடந்தும் அது நடக்கிறது. அந்தக் கல்லூரிதான் 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்குள்ள மண் அருங்காட்சியகத்தில் தமிழகத்து மண் குழிகளின் சுவரை அப்படியே பெயர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். இருகூர், பீளமேடு, பெரியநாயக்கன்பாளையம், கலத்தூர், மதுக்கூர் என்று முதலில் கண்ட ஊரின் பெயரே மண் தொடருக்குப் பெயர். கோவைக்குப் போகும் விவசாயிகள் ஒருமுறை பார்த்து வர வேண்டும்.

டோக்குசாயெவின் கறுப்பு மண்ணையும் நம் கரிசலையும் ஒன்றென்று எண்ணக் கூடாது. நம் கரிசலின் கறுப்பு மக்கு மிகுதியால் வருவதல்ல. மண் வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.75 விழுக்காட்டைத் தாண்டினாலே அதிகம் என்று எழுதுகிறோம். 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு. நம் வெயிலில் மக்கு நிற்பது கடினம். அதனால் நம் மண்ணைப் படிக்க நம் ஊரில்தான் ஆள் வேண்டும். ரஷ்யப் புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாது.

என்ன படிக்கலாம், என்ன வேலை?

நான்கு ஆண்டு வேளாண்மைப் பட்டம் முடித்தவர்கள் மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியலில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். கோவையிலும் பல்கலைக்கழகத்தின் வேறு சில கல்லூரிகளிலும் நுழைவுத் தேர்வு வழியாக இடம் கிடைக்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்தியத் தேர்வில் தேறினால் பிற மாநிலங்களிலும் உதவித்தொகையோடு படிக்கலாம். மண்ணின் வேதியியல், இயற்பியல், மண்ணுயிரிகள், மண் உருவாக்கமும் வகைப்பாடும், உரம், களர் உவர் சீர்திருத்தம், செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு மண் வரைபடம் போடுதல் ஆகியவை பாடங்கள். அதன் பிறகு முனைவர் பட்டம்.

வேலை வாய்ப்பை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

அரசுத் துறையில் வேளாண்மை அலுவலர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இதற்கு இளநிலைப் பட்டமே போதும். மண் பரிசோதனை நிலையங்களில் பணியாற்றுவது இந்த அலுவலர்கள்தான். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கும் இளநிலைப் பட்டம் போதும். முதுநிலை முடித்தவர்களுக்கு வேளாண் அறிவியல் நிலையங்களில் மண்ணியல் தொழில்நுட்ப வல்லுநர் பணி உண்டு. நம் மாவட்டத்தில் கீழ்நெல்லியில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆவதற்குத் தேசியத் தகுதித் தேர்வு வேண்டும். வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி வந்த பிறகு நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்த வாழ்க்கை கண்ணெதிரே தெரிகிறது.

விஞ்ஞானி ஆக விரும்புகிறவர்கள் அகில இந்திய வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுத வேண்டும். அதில் மண்ணியல் தனிப் பிரிவு. நாக்பூரைத் தலைமையாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம், போபாலில் மண்ணியல் நிறுவனம், கர்னாலில் உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம், உதகமண்டலத்தில் மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஆகியவை இந்தத் துறைக்கென்றே உள்ளவை. தனியார் துறையில் உர நிறுவனங்கள், சர்க்கரை ஆலைகள், சொட்டுநீர் நிறுவனங்கள், பரிசோதனை ஆய்வகங்கள் ஆட்களை எடுக்கின்றன. தொடக்கத்தில் பல இடங்களில் அது விற்பனை வேலையாகவே இருக்கும். அரசுப் பணி இடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. வரும்போது போட்டி மிகுதி. இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்கும் வசதி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆனால் தேவை இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் பார்க்கப்பட்டன. பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து எக்டருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்தார்கள். பத்து எக்டர் என்பது இருபத்தைந்து ஏக்கர். நம் ஊரில் அதற்குள் ஏழெட்டுப் பேர் கொல்லை, மேடு, பள்ளம், ஓடை எல்லாம் அடங்கிவிடும். அந்த அட்டையை ஒன்றரை ஏக்கர்க்காரரின் நிலத்துக்கு ஏற்பப் புரியவைக்க, நிலத்துக்கு வந்து குழிக்குள் இறங்கும் ஒருவர் வேண்டும். அந்த ஆள் இன்றும் போதுமான அளவில் இல்லை.

உங்கள் நிலத்தில் ஒரு குழி

கோடையில் நிலம் சும்மா கிடக்கும்போது இதைச் செய்யலாம். வரப்பு, மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து, நிலத்தின் நடுத்தரமான இடத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வெயில் படும் சுவரைக் கத்தியால் சீவிச் சமமாக்குங்கள். நிறம் எங்கே மாறுகிறது, வேர் எங்கே நிற்கிறது, கத்தி எங்கே குத்தவில்லை, சுக்கான் கல் எங்கே தோன்றுகிறது என்று அடிக்கோல் வைத்து அளந்து எழுதுங்கள். உர சிபாரிசுக்கான மாதிரியைத் தனியே எடுக்க வேண்டும். நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போல அரையடி ஆழத்துக்கு வெட்டி, இரு பக்கமும் சீரான கனத்தில் மண் எடுத்து, கலந்து, நான்காகப் பங்கிட்டுக் குறைத்து அரைக் கிலோ அனுப்புங்கள். அனுப்பும்போது குழியில் கண்டதையும் ஒரு சீட்டில் எழுதி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் யோசனை நிச்சயம் மாறும்.

தேசூர்க்காரரின் மகள் மண்ணியலிலேயே சேர்ந்துவிட்டார். முதல் விடுமுறைக்கு வந்தபோது சொந்தக் கொல்லையில் குழி வெட்டியிருக்கிறார். அப்பாவும் தறியை நிறுத்திவிட்டுப் போய் மண் அள்ளிக் கொடுத்தாராம். மகள் அடுக்குகளுக்கு ஏ, பி, சி என்று எழுத, கிணறு வெட்டின காலத்தில் பார்த்ததை வைத்து அப்பா மேலே மணல் கலந்த செம்மண், நடுவில் இறுகிய செம்மண், கீழே சரளை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். மகள் தன் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.